மாடி ரூம் இன்னும் பெருக்கல

பெருக்கிட வேண்டியதுதான், இதுல யோசிக்க என்ன இருக்கு, தொடப்பம் கையில இருக்கு, குப்பை தரையில இருக்கு, நடுவுல நான் ஒருத்தன் மரமாட்டம் நிக்கிறேன், குனிஞ்சா வேலை முடிஞ்சுது. பன்னெண்டு மணிக்கு ஈரோட்டுக்காரங்க வந்துடுவாங்க. போன் ஆப்புல ரூமை எடுத்திருக்கவங்க, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு, மூணு நாளு, நவக்கிரகக் கோயில் பூரா சுத்தப் போறாங்களாம். காலையில காலி பண்ணிட்டுப் போன சேலத்துக் குடும்பமும் அதுக்குத்தான் வந்துச்சு. கும்பகோணத்துல மாடியை வாடகைக்கு விட்டா வேற எதுக்கு வருவாங்க, என் மூஞ்சியைப் பாக்கவா வருவாங்க? அந்தச் சேலத்து வாண்டு திருநள்ளாறுலேருந்து வாங்கிட்டு வந்த எள்ளுப் பொட்டலத்தை அவுத்து ரூம் முழுக்கத் தூவிட்டுப் போயிருக்கு. கட்டிலுக்கு அடியில எள்ளு, பீரோ சந்துல எள்ளு, ஜன்னல் கட்டையில எள்ளு. பையன் டார்வின் சொன்னானேன்னு வெள்ளை டைல்ஸா வேற போட்டுத் தொலைச்சேன், ஒண்ணொண்ணும் பளிச்சுனு தெரியுது. இல்லாத ஒரு சாமிக்கு வாங்கின எள்ளை இருக்கிற நான் கூட்டி அள்ளணும். சரி, அள்ளு. குனி. என் பொண்டாட்டி தையல்நாயகி இப்பதான் கெளம்பிப் போனா. வாசப்படியில செருப்பை மாட்டிக்கிட்டே சொன்னா, "மாடி ரூமைப் பெருக்கித் தொடச்சு வச்சிடுங்க, அவங்க வந்துடுவாங்க." சரின்னேன். அவ தெருமுனையில ஆட்டோ ஏறுற வரைக்கும் கேட்டைப் புடிச்சிக்கிட்டு நின்னேன். அப்புறம் மேல வந்து தொடப்பத்தை எடுத்தேன். எடுத்தவன் எடுத்தபடியே நிக்கிறேன்.

ஒருத்தர் வீட்டை விட்டுக் கெளம்பிப் போனா, அவங்க போற எடத்துக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் பெருக்கக் கூடாதாம், கழுவக் கூடாதாம். பொணத்தை எடுத்த வீட்டுலதான் ஆள் போனதும் கூட்டிக் கழுவி விடுவாங்களாம், அதனாலயாம். சுத்தமான மூடநம்பிக்கை. எனக்கு இது இல்ல. சாக்ரடீஸுன்னு பேரு வச்சிக்கிட்டு இதை நம்புவேனா நான்? அப்பா வச்ச பேரு. தம்பிக்கு இங்கர்சால். நான் என் பையனுக்கு டார்வின்னு வச்சேன். அந்த டார்வின்தான் புனேல உக்காந்துக்கிட்டு இந்த ரூமை ஆப்புல ஏத்தி விட்டான், ஹோஸ்ட் சாக்ரடீஸுன்னு என் போட்டோவோட. வர்றவங்கள்ல பாதிப் பேரு படியேறும்போதே "சர்ச் எந்தப் பக்கம் அங்கிள்"னு கேப்பாங்க. நான் எந்த மதமும் இல்லம்மான்னு ஆரம்பிப்பேன். தையல் காபி டம்ளரோட குறுக்க வந்து, "அவரு அப்படித்தான் பேசிக்கிட்டிருப்பாரு, நீங்க திங்களூரை மொதல்ல முடிச்சிட்டு அப்படியே ஆலங்குடி போயிடுங்க"ன்னு ரூட்டு போட்டுக் குடுத்துடுவா. எந்தக் கோயில் எத்தனை மணிக்கு நடை சாத்துவாங்க, எந்த ஊர்ல சாப்பாடு வாயில வைக்க வெளங்காது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ராகுவும் கேதுவும் கிரகமே கெடையாதுன்னு நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவங்க கார் கதவைச் சாத்தியிருப்பாங்க. ஒன்பது கிரகமும் சேந்துதான் இந்த மாடிக்கு ஆள் அனுப்புது, இதுல நான் வாயைத் தொறந்து என்ன ஆகப் போவுது.

பெருக்காம விட்டா அது அவளுக்குத்தான் கேடு, அதையும் யோசிக்கணும். ஆப்புல விழுற ஸ்டாரெல்லாம் என் போட்டோவுக்குக் கீழ விழுந்தாலும் அவ வாங்கினதுதான். ஒன்பதாங் கிளாஸோட படிப்பை நிறுத்திட்டாங்க அவளை. இப்ப யாராவது காலி பண்ணிட்டுப் போனா ராத்திரியே போனைப் புடுங்கி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு எழுத்துக் கூட்டிப் படிப்பா, "ஆன்ட்டி இஸ் வெரி ஸ்வீட்." அதை எனக்கு ரெண்டு தடவை படிச்சுக் காட்டுவா, எனக்கு என்னமோ இங்கிலீஷ் தெரியாத மாதிரி. ஒரு தடவை பெங்களூர்லேருந்து வந்த ஒரு புண்ணியவதி, கட்டிலுக்கடியில ஒத்த முடி கெடந்துச்சுன்னு போட்டோ புடிச்சுப் போட்டு ஒரு ஸ்டாரைக் கொறச்சிட்டா. இவளுக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல. போட்டோவைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்துட்டு, "ஏங்க, இது செம்பட்டையா இருக்குங்க, அவ முடியேதாங்க இது"ன்னு என்கிட்ட வந்து அழுவுறா. ஒத்த முடிக்கே அந்தப் பாடுன்னா இந்த எள்ளுக்கு என்ன ஆவும்? டாக்டர்கிட்ட போயிட்டு வந்து உக்காந்து இதையும் அவ படிக்கணுமா? ஆக, நியாயமாப் பாத்தா அவளுக்காகவாவது நான் பெருக்கணும். பெருக்கறேன். இதோ குனியறேன். முட்டி வலி வேற.

முட்டியைச் சொல்லித் தப்பிக்காதடா. அந்த முட்டியோட போன வாரம் தண்ணி டேங்க் மேல ஏறினவன்தானே நீ. ஈபில லைன்மேனா சேந்து லைன் இன்ஸ்பெக்டரா ரிட்டயர் ஆனவன், கம்பம் ஏறின காலு இது. கல்யாணம் ஆன புதுசுல ஒரு நாள் டியூட்டிக்குக் கெளம்பிப் போயி, டிபன் பாக்ஸை மறந்துட்டேன்னு திரும்பி வந்தா, வீடு போட்டது போட்டபடி கெடக்கு, இவ தொடப்பத்தை மடியில வச்சிக்கிட்டு வாசப்படியில உக்காந்திருக்கா. என்னடீன்னா, "நீங்க போய்ச் சேரட்டும்"கறா. அப்ப ஏது போனு? நான் போய்ச் சேந்தது உனக்கு எப்படித் தெரியும்னேன். ரேடியோல மாதர் நிகழ்ச்சி முடிஞ்சா நான் போய்ச் சேந்துட்டேன்னு அர்த்தமாம், அவளா வச்சிக்கிட்ட கணக்கு. எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம். "கம்பத்துல ஏறுறவன்டி நான். சப்ளையை நிறுத்தியிருக்கானா, எர்த் போட்டிருக்கானா, அதுலதான் என் உசுரு இருக்கு. பதினோராயிரம் வோல்ட்டுக்கும் உன் தொடப்பத்துக்கும் என்னடி சம்பந்தம்?" அவ நிதானமாச் சொன்னா, "சம்பந்தம் இருக்கோ இல்லையோ, ஒரு மணி நேரம் வீடு குப்பையா கெடந்தா என்ன கொறஞ்சு போச்சு." தெருமுனைக் கூட்டத்துல எத்தனையோ பேரோட வாதாடியிருக்கேன், ஜோசியக்காரனையே மடக்கியிருக்கேன், இவகிட்ட மட்டும்தான் தோத்தேன். அப்புறம் நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டுப் போனேன். சர்வீஸு முழுக்கப் போனேன் வந்தேன், ஒரு கீறல் இல்ல. அதுக்குக் காரணம் எர்த் ராடு. வேற ஒண்ணுமில்ல.

அப்படியாப்பட்டவ இன்னைக்கு எப்படி "பெருக்கி வச்சிடுங்க"ன்னா? இங்கதான் வந்து வந்து மாட்டிக்குது எனக்கு. மறந்துட்டான்னு சொல்ல முடியாது, அடுப்புல பால் வச்சதை மறப்பா, இதை மறக்க மாட்டா. ரூமுக்கு வர்றவங்களுக்கே இவ ஒரு சட்டம் போட்டு வச்சிருக்கா. காசு குடுத்துத் தங்குறவங்க, வீட்டு மனுஷங்க இல்ல, அதனால ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், ஆனாலும் நம்ம வீட்டுச் சோத்தைத் தின்னுட்டாங்க, அதனால தெரு தாண்டி, அப்புறம் ஒரு காபி குடிச்சு முடிக்கிற நேரம் விடணும். அது வரைக்கும் பெட்ஷீட்டை உருவுவா, தலகாணி உறையை மாத்துவா, துண்டை எண்ணுவா, கடைசியாத்தான் தொடப்பம். நானும் பாத்துக்கிட்டுதானே இருக்கேன். இன்னைக்குக் கூட சேலத்துக்காரங்க போனதும் காபியைக் குடிச்சிட்டு பாத்ரூமைக் கழுவி விட்டா, ரூமைப் பெருக்கறதுக்குள்ள பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு. முன்னப் பின்ன தெரியாத சேலத்துக்காரனுக்கே ஒரு காபி நேரம் குடுக்கறவ, அவளுக்கு மட்டும் ஒண்ணும் வேணாம்னுட்டாளா? என் மேல கோவமா? ராத்திரி கொஞ்சம் பேசித்தான் தொலைச்சேன். வைத்தீஸ்வரன் கோயில் குளத்துல வெல்லம் கரைச்சா ஒடம்புல இருக்கிற கட்டி கரைஞ்சிடும்னு போன வாரம் போயிட்டு வந்தா. வெல்லப் பையைத் தூக்கிக்கிட்டு நான்தான் கூடப் போனேன், அது வேற விஷயம். ராத்திரி அதைச் சொல்லி, "வெல்லம் கரைஞ்சுச்சு, கட்டி கரைஞ்சுச்சாடி?"ன்னு கேட்டுட்டேன். சிரிப்பான்னு நெனச்சேன். அவ அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அதுலதான் விட்டுட்டாளோ? இனிமே எதைப் பாத்தா என்ன, பெருக்குனா என்ன பெருக்காட்டி என்னன்னு மனசு விட்டுப் போச்சோ? அய்யோ, இந்த நாக்கை அறுத்துப் போட்டா என்ன. தையலு, நீ விட்டுட்டேன்னா நான் எதைப் புடிச்சுக்கிட்டு வாதாடுவேன்.

அந்தக் கட்டியை நான்தான் மொதல்ல பாத்தேன். ஹால்ல டியூப் லைட்டு மினுக்கு மினுக்குன்னு அடிக்குதுன்னு அண்ணாந்து பாத்து எனக்குக் கையைக் காட்டுறா, நான் லைட்டைப் பாக்காம அவ கழுத்தைப் பாத்தேன். நெல்லிக்காய் அளவுக்குத் தொண்டைக்குப் பக்கத்துல. "என்னடி அது?" "கொசு கடிச்சிருக்கும்." நெல்லிக்காய் அளவுக்குக் கடிக்க அது என்ன கொசுவா, கழுகா? இழுத்துக்கிட்டுப் போனேன் தஞ்சாவூருக்கு. டாக்டர் பாத்துட்டு ஊசியைக் குத்தி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்னாரு. இவ பாட்டுக்கு ஜம்முனு உக்காந்திருக்கா, ஊசி கழுத்துக்குள்ள போனதைப் பாத்து நான் கீழ விழுந்துட்டேன். ஆமா, மயக்கம் போட்டு விழுந்தேன். மழையில கம்பத்துல ஏறினவனுக்கு ஊசின்னா ஆவாது, அதுக்கு என்ன பண்றது. கட்டி இருக்கிறவளைக் கட்டிலை விட்டு எழுப்பி என்னைப் படுக்க வச்சு குளுக்கோஸ் ஏத்தினாங்க. நர்ஸு அவகிட்ட கேட்டாளாம், "பேஷண்ட்டு யாரும்மா, நீங்களா அவரா?" இன்னைக்கு ரிசல்ட்டு. நானும் வர்றேன்னேன். "நீங்க ஒண்ணும் வர வேணாம். உங்களைப் பாத்துக்க இன்னொரு ஆளு வேணும். ஈரோட்டுக்காரங்களுக்கு யாரு சாவி குடுக்கறது? என் தங்கச்சி அங்க பஸ் ஸ்டாண்டுக்கே வந்துடுவா"ன்னா. நானும் பேசாம சரின்னுட்டேன். அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு, அதுவும் உண்மை. அவ தெருமுனை திரும்புனதும் அந்த அப்பாடா எங்க போச்சுன்னு தெரியல.

பஸ்ஸு இப்ப எங்க போயிருக்கும்? தாராசுரம் தாண்டி, சுந்தரபெருமாள் கோயில் தாண்டி, பாபநாசத்துல ஆள் ஏத்திக்கிட்டு நிப்பான். அந்த டிரைவருங்க இருக்கானுங்களே, ரெண்டு பஸ்ஸு ஒண்ணுக்கொண்ணு முந்திக்கிட்டு, ஆரன்ல சினிமாப் பாட்டு போட்டுக்கிட்டு, ரோட்டுல போறவன் எல்லாம் அவனுங்க மாமியார் வீட்டு ஆளுங்க. எதிர்ல ஒரு கரும்பு லாரி வந்தா? அதுக்கும் இந்த எள்ளுக்கும் என்னய்யா சம்பந்தம். ஒரு சம்பந்தமும் இல்ல. நான் இங்க பெருக்கறதால அங்க அவன் பிரேக் புடிக்காமப் போவானா? போக மாட்டான். பெருக்காம இருந்தா பிரேக் புடிப்பானா? அதுவும் இல்ல. அப்ப ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் ஒண்ணுன்னா பெருக்காமயே இருக்கலாமே? அட, இது புதுசா இருக்கே. இல்ல, இப்படியெல்லாம் வளைச்சு வளைச்சுப் பேசிப் பேசித்தான் ஊர்ல இருக்கிற அத்தனை மடத்தனமும் வளந்துச்சு. போனைப் போட்டுக் கேட்டுடலாம். போட்டா எடுக்க மாட்டா, போனை பைக்குள்ள, பையை மடியில, மடி மேல முந்தானையைப் போட்டு மூடி வச்சிருப்பா, ஊரே எரிஞ்சாலும் அந்த ரிங்கு அவ காதுல விழாது. விழுந்தாலும் என்னன்னு கேக்கறது? போய்ச் சேந்துட்டியா, பெருக்கலாமான்னா? அப்புறம் நான் சாகுற வரைக்கும் சொல்லிச் சிரிப்பா. சிரிக்கட்டுமே. சொல்லிச் சிரிக்க அவ இருக்கட்டும், அது போதும் எனக்கு.

டார்வின் அனுப்பின வாக்குவம் கிளீனர் ஒண்ணு பரண்ல தூங்குது. அதை எறக்கினேன். தொடப்பம்தானே ஆவாது, மெஷின் ஆவாதுன்னு யாரு சொன்னா? பெருக்கறதுன்னா குப்பையை வெளிய தள்ளுறது. இது உள்ள இழுக்கிறது. நேர் எதிரு. போன ஆளைத் திரும்ப வீட்டுக்குள்ள இழுக்கிற மாதிரின்னு கூட வச்சிக்கலாம், பாத்தா நல்ல சகுனம்தான். ஒயரைச் செருகி சுவிட்ச் மேல விரலை வச்சதும் நிதானம் வந்துச்சு. டேய் சாக்ரடீஸு, என்ன வார்த்தை சொன்னே நீ இப்ப? சகுனமா? அப்பா மட்டும் இருந்திருந்தா இந்தத் தொடப்பத்தாலயே சாத்தியிருப்பாரு. அதோட, இழுத்தாலும் பெருக்குனதுதானே, தரை சுத்தமாயிடுதுல்ல, நாம வார்த்தையை வச்சு ஏமாத்தலாம், அது ஏமாறுமா? எது ஏமாறுமா? எதுவோ. ஒயரைப் புடுங்கிட்டேன். வாக்குவத்தைப் பரண்லயே ஏத்திட்டேன். ஃபேனை அஞ்சுல வச்சுப் பாத்தேன், எள்ளெல்லாம் ஊர்வலமா கெளம்பி கட்டிலுக்கடியிலேருந்து வாசப்படி வரைக்கும் வந்து நின்னுடுச்சு, முன்ன அங்கங்க இருந்தது இப்ப வழியிலயே கெடக்கு. கடைசியா ஒரு யோசனை. பெருக்கக் கூடாது, சரி. பொறுக்கலாம்ல? கீழ விழுந்ததைப் பொறுக்கக் கூடாதுன்னு எந்தச் சாஸ்திரமும் இல்ல. விரல் நுனியை நாக்குல தொட்டுத் தொட்டு ஒவ்வொரு எள்ளா ஒத்தி எடுத்து டம்ளர்ல போட ஆரம்பிச்சேன். நாலு கால்ல ஊர்ந்து கட்டிலுக்கடியில பாதி ஒடம்பு உள்ள போயிருக்கு, அப்ப கீழ கார் வந்து நிக்கிற சத்தம். பன்னெண்டு ஆவ இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கு. மனுஷன் வெள்ளனவே வந்தா என்ன அர்த்தம், நேரம்னு ஒண்ணை எதுக்குத்தான் ஆப்புல போட்டு வச்சிருக்கு.

ஈரோட்டுக்காரங்கதான். படியேறி வந்துட்டாங்க. அவரு பேரு குமாரசாமி, வெள்ளை வேட்டி சட்டை, ஒரு கையில பை. அந்தம்மா பேரு மயிலாத்தாளு, இடுப்புல ஒரு கூடை நெறைய தேங்காய். நான் கட்டிலுக்கடியிலேருந்து பின்னாலயே ஊர்ந்து வெளிய வந்தேன், ஒரு கையில தொடப்பம், ஒரு கையில எள்ளு டம்ளர். "சாக்ரடீசுங்களா?"ன்னாரு அவரு, சந்தேகமா. ஆமாங்கன்னேன். "வழியில எங்கயும் நிறுத்தலீங்க, அதான் வெரசா வந்துட்டமுங்க. ஏனுங்க, சர்ச்சு இங்க பக்கத்துல..." "சர்ச்சு கெடக்கட்டும், உள்ள வாங்க"ன்னேன், அப்புறம் தரையைப் பாத்துட்டு, "உள்ள வராதீங்க, அங்கயே நில்லுங்க"ன்னேன். ரெண்டு பேரும் ஒரு காலை உள்ள வச்சிட்டு ஒரு காலை வெளிய வச்சிக்கிட்டு நின்னாங்க. என்ன சொல்றது? தண்ணி வரல, வேலைக்காரி வரல, என்னென்னமோ வாய் வரைக்கும் வந்துச்சு. அந்த நேரம் பாத்து சட்டைப் பையில போன் அடிச்சுது. தையல்.

"ஏங்க, சேந்துட்டேன். ஆஸ்பத்திரிக்கே வந்துட்டோம். டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்காராம், உக்காரச் சொல்லியிருக்காங்க. அவங்க வந்துட்டாங்களா?"

எனக்குக் கண்ணு இருட்டி வெளிச்சம் வந்துச்சு. லாரி வரல, பஸ்ஸு பிரேக் புடிச்சிருக்கு, இவ குரல் கேக்குது. "வந்துட்டாங்க வந்துட்டாங்க"ன்னேன்.

"ரூமைப் பெருக்கிட்டீங்கள்ல?"

எங்கேருந்துதான் வருமோ இந்த வீறாப்பு. "அதெல்லாம் நீ போன ஒடனேயே பெருக்கித் தள்ளியாச்சு"ன்னேன். குமாரசாமி தரையைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, மறுபடி தரையைப் பாத்தாரு.

அவ சின்னக் குரல்ல சொன்னா, "பெருக்கியிருப்பீங்கன்னு தெரியும். நான் சொல்லாட்டியும் வீம்புக்காவது பெருக்குவீங்க. அதான் நானே வாயால சொல்லிட்டு வந்துட்டேன். போற ஆளே பெருக்கச் சொல்லிட்டுப் போயிட்டா தோஷமில்ல."

"யாருடி சொன்னா அப்படி?"

"யாரும் சொல்லல. நானா நெனச்சிக்கிட்டேன்." மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. "ஒண்ணும் ஆவாதுல்லங்க?"

அவ விடல. அவ எதையும் விடல. என் வீம்புக்கும் சேத்து ஒரு வழி பண்ணி வச்சிட்டுப் போயிருக்கா, நான்தான் இங்க அவ விட்டுட்டாளோ விட்டுட்டாளோன்னு... "தையலு, பெருக்கலடி"ன்னேன்.

"என்னது?"

"பெருக்கல. தொடப்பத்தை எடுத்தேன், அவ்வளவுதான். ரூமு அப்படியேதான் கெடக்கு, எள்ளு எள்ளா. இவங்க வேற வாசல்ல நிக்கிறாங்க, உள்ள வர வேணாம்னுட்டேன்."

"ஏங்க?"

ரெண்டு பேரு நிக்கிறாங்க எதிர்ல, முன்னப் பின்ன தெரியாதவங்க, ஸ்டார் போடப் போறவங்க. நிக்கட்டும். "பயமா இருந்துச்சு"ன்னேன்.

அவளுக்குப் பின்னால யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிடறது கேட்டுச்சு. அப்புறம், "எனக்கும்தாங்க. தங்கச்சிகிட்ட காட்டிக்கல"ன்னா.

"நான் வர்றேன்."

"வேணாங்க, நீங்க வந்தா விழுந்துடுவீங்க."

"விழுந்தா விழுறேன். ஆஸ்பத்திரிதானே, தூக்கிப் போடுவாங்க. டாக்டர் கூப்பிட்டா, வீட்டுக்காரர் வந்துக்கிட்டிருக்காரு, அப்புறமாப் பாக்கறோம்னு சொல்லு. நான் வராம உள்ள போவாதே."

போனை வச்சிட்டுப் பாத்தா சட்டையெல்லாம் ஒட்டடை, முட்டியில எள்ளு. சட்டையை மாத்தக் கூட எனக்குத் தோணல. சாவிக்கொத்தை எடுத்தேன், மாடி சாவியை மட்டும் கழட்டிக் குடுக்க நேரமில்ல, வீட்டுச் சாவி, கேட்டு சாவி, பீரோ சாவி எல்லாத்தையும் அப்படியே குமாரசாமி கையில வச்சேன். "கீழ எங்க ரூம் சுத்தமா இருக்கு, என் வீட்டம்மா விடியக்காலையிலயே பெருக்கிட்டுதான் போனா. அங்க தங்கிக்குங்க. ஃபிரிஜ்ல மோர் இருக்கு. நான் தஞ்சாவூர் போவணும்." அவரு கையில இருந்த சாவியையும் என்னையும் பாத்துக்கிட்டு, "வண்டியில வேணும்னா கொண்டு போயி விடட்டுங்களா?"ன்னாரு. வேணாம், களைச்சுப் போயி வந்திருக்கீங்க, பஸ்ஸு நெறைய இருக்குன்னேன். மயிலாத்தாளம்மா கூடையைக் கீழ வச்சிட்டு சேலையை இடுப்புல தூக்கிச் செருகிக்கிட்டாங்க. "நீங்க பதறாமப் போயிட்டு வாங்கண்ணா. அந்தச் சீமாத்த இப்படிக் குடுங்க, ரூமை நானே கூட்டி உட்டுர்றேன். ஒரு நிமிச வேலைங்க"ன்னு என் கையிலேருந்து தொடப்பத்தை வாங்கிட்டாங்க. நான் படியில ரெண்டு எறங்கிட்டேன். எறங்கினவன் கைப்பிடியைப் புடிச்சிக்கிட்டுத் திரும்பிப் பாத்தேன், அந்தம்மா குனியப் போறாங்க.

"அம்மா, கூட்டாதீங்க, கூட்டாதீங்க. நான் போய்ச் சேந்ததும் போன் பண்றேன். அப்புறமாக் கூட்டுங்க."